அக்டோபர் 1-க்கு முன்னால்: அமெரிக்க அரசு முடங்கினால் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் என்ன செய்யும்?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நள்ளிரவுக்குள், அரசுத் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் 12 மசோதாக்களையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றி, அதிபர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அது முடியாதபோது, பழைய அளவிலேயே இன்னும் சில வாரங்கள் செலவு செய்துகொள்ள அனுமதிக்கும் இடைக்காலத் தீர்மானம் ஒன்றாவது வேண்டும். இரண்டும் இல்லாமல் பொழுது விடிந்தால், ஒதுக்கீடு பெறாத துறைகள் தங்கள் வேலையை நிறுத்திவிட வேண்டும். இதைத்தான் அரசு முடக்கம் என்கிறோம்.

நாடாளுமன்ற முறை உள்ள நாடுகளில் நிதி மசோதா தோற்றால் அரசே பதவி விலக நேரும் என்பதால், பணமின்றி அலுவலகங்கள் மூடப்படும் நிலை அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. அமெரிக்காவில் அதிபரும் காங்கிரஸும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இருவரும் உடன்படாவிட்டாலும் இருவரும் பதவியில் நீடிக்கிறார்கள். நடுவில் சிக்கிக்கொள்வது நிர்வாகம். காங்கிரஸ் ஒதுக்காத பணத்தை எந்த அதிகாரியும் செலவிடவோ, செலவிடுவதாக வாக்களிக்கவோ கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் நெடுங்காலம், ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் ஏதோ ஒரு வகையில் இயங்கிவந்தன. 1980-லும் 1981-லும் அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி எழுதிய கருத்துரைகளே, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தரும் வேலைகள் போன்ற சில விலக்குகள் தவிர மற்றவை நிற்க வேண்டும் என்று அச்சட்டத்துக்கு இறுக்கமான பொருள் தந்தன.

அதே சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கோணத்திலிருந்து பார்த்தால் அதுவே மிக முக்கியமானது. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிக்கூட, விலக்குப் பெறாத ஒரு கூட்டாட்சி ஊழியர் முடக்கக் காலத்தில் வேலை செய்யக் கூடாது. வீட்டிலிருந்தபடி மின்னஞ்சலுக்கு ஒரு வரி பதில் எழுதுவதும் வேலைதான். ஆகவே ‘அந்த அதிகாரி நமக்கு நன்றாகத் தெரிந்தவர், தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

இது எப்போதோ நிகழும் அரிய விபத்து என்று எண்ணிவிடலாகாது. 1995-96 குளிர்காலத்தில் 21 நாட்கள், 2013 அக்டோபரில் 16 நாட்கள், 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள், 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் என்று முடக்கங்கள் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. ஒதுக்கீட்டு வேலை கடைசியாக உரிய நாளுக்குள் முடிந்தது 1997 நிதியாண்டுக்குத்தான். எனவே பல்கலைக்கழகங்கள் இதை, புயல் கரையைக் கடக்கும் மாவட்டங்கள் பருவமழைக்குத் தயாராவதைப் போல, ஆண்டுதோறும் வரக்கூடிய ஒன்றாகவே கருதிக் கோடையின் முடிவிலேயே ஆயத்தங்களைத் தொடங்கிவிடுகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. விஸ்கான்சின் பல்கலைக்கழகமோ கொலராடோ பல்கலைக்கழகமோ மாநிலத்துக்குச் சொந்தமானவை. அவற்றின் வகுப்பறைகள் மாநில நிதியிலும் மாணவர் கட்டணத்திலும் நடக்கின்றன. அப்படியிருக்க வாஷிங்டனில் அலுவலகங்கள் மூடினால் இவற்றுக்கு என்ன? வகுப்புகளைப் பொறுத்தவரை, ஒன்றும் இல்லை என்பதே உண்மையான விடை. பாடம் நடக்கும், தேர்வு நடக்கும், விடுதியில் உணவு கிடைக்கும், பேராசிரியர்களுக்குச் சம்பளம் வரும். ஆனால் ஆராய்ச்சி வேறு கணக்கில் ஓடுகிறது. 2023 நிதியாண்டில் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது ஏறத்தாழ 109 பில்லியன் டாலர்; அதில் பாதிக்கு மேல் கூட்டாட்சி அரசின் பணம். அந்தப் பணத்தில் ஆய்வக உதவியாளர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் முதுமுனைவர் ஆய்வாளர்களும் மாதச் சம்பளம் பெறுகிறார்கள்.

முடக்கம் என்றதும் குழாயை மூடியதுபோல் எல்லாப் பணமும் ஒரே நேரத்தில் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆயத்தம் செய்யும் அலுவலகங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு திட்டத்தையும் எடுத்துவைத்து அவை இரண்டே கேள்விகள் கேட்கின்றன: இந்தப் பணம் முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டிலிருந்து ஏற்கெனவே நம் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டதா? அடுத்த சில வாரங்களில் இத்திட்டம் நகர்வதற்குக் கூட்டாட்சி அதிகாரி ஒருவரின் கை தேவைப்படுமா? முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால், அந்த ஆய்வாளர் முடக்கம் நடப்பதையே உணராமல் வேலை செய்யலாம். மற்ற எல்லா ஆயத்தமும் இந்த இரு விடைகளைச் சுற்றியே அமைகிறது.

முதல் கேள்வியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் உயிரியல் பேராசிரியருக்கு, மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் கூட்டாட்சி அமைப்பான தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் ஐந்தாண்டு மானியம் ஒன்றை அளித்திருப்பதாகக் கொள்வோம். ஐந்தாண்டுப் பணமும் ஒரே நாளில் வருவதில்லை. ஆண்டுக்கொரு தவணையாக, முன்னேற்ற அறிக்கையைப் பார்த்த பிறகு, விடுவிப்பு ஆணை வழியாக வருகிறது. தவணை ஜூலையில் வந்திருந்தால் அடுத்த ஜூலை வரை கவலையில்லை. அதே தவணை நவம்பர் 1 அன்று வர வேண்டியதாக இருந்து, அக்டோபரில் அலுவலகம் மூடப்பட்டால், ஆணையில் கையெழுத்திட ஆள் இருக்காது. இரண்டு ஆய்வகங்களும் ஒரே மாடியில், ஒரே நிறுவனத்தின் பணத்தில் இயங்கலாம். ஒன்று பாதிக்கப்படாமலும் மற்றது தவிப்பிலும் இருக்கும். அதனால்தான் செப்டம்பர் மாதத்தில் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதி நிர்வாக அலுவலகம் செய்யும் முதல் வேலை ஒரு பெரிய அட்டவணையைத் தயாரிப்பதாக இருக்கிறது: எந்தக் கூட்டாட்சித் துறையின் மானியம், எப்போது முடிகிறது, அடுத்த தவணை என்றைக்கு, கையில் எவ்வளவு மிச்சம், அதில் யார் யாருடைய சம்பளம் இருக்கிறது.

அட்டவணையில் துறையின் பெயர் இருப்பதற்கும் காரணம் உண்டு. 12 மசோதாக்களில் சில நிறைவேறிச் சில நிறைவேறாமல் போனால், முடக்கமும் பாதிதான். 2018 டிசம்பரில் அதுவே நடந்தது. தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், கல்வித் துறை, எரிசக்தித் துறை, பாதுகாப்புத் துறை ஆகியவற்றுக்கு அதற்குள் முழு ஆண்டு ஒதுக்கீடு கிடைத்திருந்ததால் அவை வழக்கம்போல் இயங்கின. தேசிய அறிவியல் அறக்கட்டளை, நாசா, வேளாண்மைத் துறை, வணிகத் துறை, உள்துறை ஆகியவை மூடப்பட்டன. மருத்துவப் புல முதல்வர் நிம்மதியாக இருந்த அதே வளாகத்தில் வானியல் துறைக்கும் வேளாண் கல்லூரிக்கும் நெருக்கடி வந்தது. 2025-இல் எந்த மசோதாவும் நிறைவேறியிருக்கவில்லை. ஆகவே அப்போது அட்டவணையின் எல்லா வரிசைகளையும் பார்க்க வேண்டியிருந்தது.

பணம் கைக்கு வரும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மானியங்களில் பல்கலைக்கழகம் முதலில் தன் பணத்தைச் செலவிட்டு, பிறகு அரசின் இணையவழிப் பட்டுவாடா அமைப்புக்குள் சென்று செலவான தொகையைப் பெற்றுக்கொள்கிறது. அந்த அமைப்புகளில் சில முடக்கத்திலும் இயங்கும், சில நிற்கும், இயங்கினாலும், பழுது ஏற்பட்டால் உதவிக்கு ஆள் இருப்பதில்லை. செலவு செய்யாத பணத்தை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்வது விதிகளுக்குப் புறம்பானது. ஆனால் செப்டம்பர் 30 வரை செலவான ஒவ்வொரு டாலரையும் அன்றைக்கே பெற்றுக்கொள்வதற்குத் தடையில்லை. மாத முடிவில் நிதானமாகச் செய்யும் அந்த வேலையைக் கணக்குப் பிரிவு அந்த வாரத்தில் விரைந்து முடிக்கிறது. அதற்குப் பின் எத்தனை வாரச் சம்பளத்தைத் தன் சொந்தக் கையிருப்பிலிருந்து தாங்க முடியும் என்று நிதி அலுவலர் கணக்கிட்டுத் துணைவேந்தரிடம் தெரிவிக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகம் சில மாதங்கள் தாங்கும். கையிருப்பு குறைந்த சிறிய அரசுக் கல்லூரிகளுக்கு நான்கு வாரமே நெடுங்காலம். முடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய பெயர்களையே எடுத்துக்காட்டி இதை மறந்துவிடுவது சரியல்ல.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு மானியத்தின் ஆயுளில் அதிகாரியின் முன்னனுமதி தேவைப்படும் இடங்கள் பல உண்டு: முதன்மை ஆய்வாளர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றைத் துணைப் பங்காளியாகச் சேர்த்தால், ஆய்வின் நோக்கத்தைத் திருத்தினால், செலவு செய்யாத பணத்துடன் காலத்தை நீட்டிக்கக் கேட்டால். இத்தகைய கோரிக்கைகள் இருந்தால் செப்டம்பர் நடுவிலேயே அனுப்பிவிடுங்கள் என்று ஆய்வாளர்களுக்குக் கடிதம் போகிறது. அனுமதி கிடைக்குமுன் முடக்கம் வந்தால், கிடைத்துவிட்டதாக எண்ணிச் செலவிடக் கூடாது. பின்னால் அனுமதி மறுக்கப்பட்டால் அந்தத் தொகை பல்கலைக்கழகத்தின் தலையில் விழும்.

அந்தக் கடிதத்தில் இருக்கும் மிக முக்கியமான வாக்கியம், ‘எழுத்துப்பூர்வமான ஆணை வராதவரை வேலையை நிறுத்தாதீர்கள்’ என்பதுதான். மானியமும் ஒப்பந்தமும் வேறு வேறு. மானியம் என்பது ஆய்வுக்கு அரசு அளிக்கும் உதவி. முன்பே ஒதுக்கப்பட்ட பணம் இருக்கும்வரை அது பொதுவாகத் தொடரலாம். ஒப்பந்தம் என்பது அரசு ஒரு வேலையை விலைக்கு வாங்குவது. வாங்குபவர் ‘வேலையை நிறுத்து’ என்று ஆணை அனுப்பினால் நிறுத்தியே ஆக வேண்டும், அதற்குப் பின் ஆன செலவு திரும்பி வராது. செய்தியைக் கேட்ட பதற்றத்தில் தாமாகவே ஆய்வகத்தைப் பூட்டிவிடும் இளம் பேராசிரியரும், ஆணை வந்ததைக் கவனிக்காமல் வேலையைத் தொடரும் மூத்த பேராசிரியரும் ஒரே அளவில் இழக்கிறார்கள். இதனால்தான் அரசிடமிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் உடனே மைய அலுவலகத்துக்கு அனுப்பும்படி வற்புறுத்துகிறார்கள்.

விண்ணப்பங்களைப் பொறுத்தவரை அறிவுரை எளிது: கெடு நாள் மாறிவிட்டதாக அறிவிப்பு வராதவரை, அந்த நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். பெற்றுக்கொள்ளும் இணையதளம் திறந்திருக்கலாம். மறுமுனையில் படிப்பவர் இருக்கமாட்டார், அவ்வளவே. அரசு இணையதளங்களில் இருக்கும் தரவுகளையும் விதிமுறைகளையும் முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துவைத்துக்கொள்வதும் நல்லது. 2013-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் தளமே மூடப்பட்டது. அதன் எண்களை வைத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த சமூகவியல் மாணவர்களுக்கு வேறு வழியில்லாமல் போனது.

ஆய்வகங்களில் நிறுத்தவே முடியாத வேலைகளும் உள்ளன. எலிகளுக்கு உணவு தர வேண்டும். சுழியத்துக்குக் கீழே 80 டிகிரியில் காக்கப்படும் திசு மாதிரிகளுக்கு மின்சாரம் வேண்டும். புதிய மருந்தைச் சோதனையாகப் பெற்றுவரும் நோயாளிக்கு அடுத்த ஊசி உரிய நாளில் போட வேண்டும். இவற்றின் செலவைப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் பல்கலைக்கழகம் ஏற்றே ஆக வேண்டும் என்பதால், இவை தனிப்பட்டியலாக எழுதப்படுகின்றன. அதே வேளையில், காலம் தவறினால் ஓராண்டு போய்விடும் களப்பணிகளும் உண்டு. தென்துருவக் கோடைக்கால ஆய்வு அக்டோபரில் தொடங்குவது வழக்கம். 2013 முடக்கத்தின்போது அமெரிக்க அண்டார்டிக் திட்டத்தைப் பராமரிப்பு நிலைக்கு மட்டும் குறைக்கும் பணி தொடங்கியது. பல ஆண்டுகள் திட்டமிட்ட பயணங்கள் குலைந்தன. பூங்காக்களிலும் கூட்டாட்சி வனங்களிலும் மாதிரி சேகரிப்பவர்களுக்கும் இதே அச்சம் இருப்பதால், அனுமதிச் சீட்டின் தேதியைப் பார்த்துக் களப்பயணத்தை முன்னுக்குத் தள்ள முயல்கிறார்கள்.

வெளியிலிருப்பவர்கள் எளிதில் அறியாத இன்னொரு சிக்கல், வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கூட்டாட்சி ஊழியர்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 1962-இல் தொடங்கப்பட்ட ஜிலா என்ற இயற்பியல் நிறுவனம், பல்கலைக்கழகமும் வணிகத் துறையின் கீழுள்ள தேசியத் தரநிலைகள் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. அங்கே ஆய்வுக்குழுக்களை நடத்தும் அறிஞர்களில் ஒரு பகுதியினர் கூட்டாட்சி ஊழியர்கள். அவர்களிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர்களோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். வணிகத் துறை மூடப்பட்டால் மாணவர் ஆய்வகத்துக்கு வரலாம், வழிகாட்டி வரக் கூடாது. மாணவரின் கட்டுரை வரைவைத் திருத்தித் தரவும் கூடாது. அதே நகரத்தில் இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் கட்டடத்தில் அமர்ந்து வேலை செய்யும் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு வேலை உண்டு, சம்பளமும் உண்டு, ஆனால் கட்டடக் கதவு திறக்காது. விஸ்கான்சினின் மேடிசன் வளாகத்தில் 1910 முதல் இயங்கும் வனப்பொருள் ஆய்வகமும் வேளாண்மைத் துறைக்கு உட்பட்டதே. இப்படிப்பட்ட வளாகங்கள் மாணவருக்குத் தற்காலிக வழிகாட்டி யார், ஆபத்தான வேதிப்பொருளோ லேசர் கருவியோ உள்ள அறைக்குப் பொறுப்பு யார், அரசுக் கணினியில் இருக்கும் ஆய்வுத் தரவின் நகல் யாரிடம் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் முதலில் கேட்பது கல்வி உதவித்தொகை பற்றித்தான். அவர்களுக்குச் சொல்லக்கூடியது பெரும்பாலும் நல்ல செய்தியே. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர் வரை கிடைத்துவரும் பெல் உதவித்தொகையும் கூட்டாட்சிக் கல்விக் கடனும் முடக்கக் காலத்திலும் வழங்கப்படுகின்றன, ஏனெனில் அவற்றுக்கான பணம் முன்னதாகவே ஒதுக்கப்பட்டதாகவோ, ஆண்டுதோறும் ஒதுக்கீடு தேவைப்படாத சட்டங்களின் கீழ் வருவதாகவோ இருக்கிறது. சிக்கல் ஓரங்களில் வரும். 2019 ஜனவரியில், சில மாணவர்களின் வருமானத்தைச் சரிபார்க்கத் தேவையான சான்றுகளை வருமான வரித்துறையிடமிருந்து பெற முடியாமல் உதவித்தொகை தேங்கியது. குடும்பத்தினர் கையொப்பமிட்ட வரிப்படிவத்தின் நகலையே ஏற்கலாம் என்று கல்வித் துறை விதியைத் தளர்த்திய பிறகே வழி பிறந்தது. ராணுவத்தில் பணியாற்றிக்கொண்டே படிப்பவர்களின் கட்டண உதவிக்குப் புதிய அனுமதிகள் முடக்கத்தின்போது நின்றதும் உண்டு. இவர்களிடம் தாமதக் கட்டணம் வசூலிக்காமல், வகுப்பிலிருந்து பெயரை நீக்காமல் இருக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் கட்டணப் பிரிவுக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம் என்பதால், தமிழ்நாட்டிலிருந்து சென்றிருக்கும் பலருக்கும் இந்தப் பகுதி நேரடியாகப் பொருந்தும். மாணவர் விசாப் பதிவு அமைப்பும், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியைத் தரும் குடியேற்றச் சேவை அமைப்பும் விண்ணப்பக் கட்டணத்தில் இயங்குவன. ஆகவே அவை பெரும்பாலும் நிற்பதில்லை. ஆனால் முதுமுனைவர் ஆய்வாளரையோ உதவிப் பேராசிரியரையோ எச்-1பி விசாவில் நியமிக்க, முதலில் தொழிலாளர் துறையின் ஊதியச் சான்று வேண்டும். அந்தத் துறையின் ஒதுக்கீடு தடைபட்டால் அந்தச் சான்று நிற்கும், அதோடு விசா மனுவும் நிற்கும். 2025-இல் அக்டோபர் முழுவதும் ஏறக்குறைய இப்படியே கழிந்தது. இதனால் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகம் அடுத்த சில மாதங்களில் விசா முடியக்கூடியவர்களின் பட்டியலை ஆகஸ்டிலேயே எடுத்து, சான்றுக்கான மனுக்களைச் செப்டம்பருக்குள் அனுப்பிவிடப் பார்க்கிறது. அந்தப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எந்த ஆய்வாளரும் தயங்க வேண்டியதில்லை. கேட்பவரின் மனுவே முதலில் நகர்கிறது.

பல்கலைக்கழக மருத்துவமனைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டின் பணம் ஆண்டு ஒதுக்கீட்டைச் சார்ந்ததன்று. அது தொடர்ந்து வரும். ஆனால் காலவரம்புள்ள சலுகைகள் ஒதுக்கீட்டு மசோதாவோடு சேர்த்தே நீட்டிக்கப்படுவது வழக்கமாகிவிட்டதால், அவையும் அதோடு சேர்ந்து காலாவதியாகும். 2025 செப்டம்பர் 30-உடன், வீட்டிலிருந்தே காணொளி வழியாக மருத்துவரைப் பார்க்கும் பல முதியோருக்கான மெடிகேர் சலுகை அப்படித்தான் முடிந்தது.

பண அட்டவணைகளில் வராத ஒரு பட்டியலும் இருக்கிறது. பெற்றோர் கூட்டாட்சி ஊழியர்களாக இருக்கும் மாணவர்கள், துணைவர் அரசு வேலையில் இருக்கும் பணியாளர்கள், அரசின் உணவு உதவி அட்டையைக் கொண்டு மளிகை வாங்கும் மாணவர்கள். 2025 நவம்பரில் அந்த உணவு உதவியே கேள்விக்குறியானபோது, வளாகத்தில் இலவச உணவுப்பொருள் தரும் அறைகளை நாடி வருவோர் கூடுவார்கள் என்பதை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. குடும்ப வருமானம் திடீரென்று நின்றால் உதவித்தொகைக் கணக்கை மறுபரிசீலிக்கக் கேட்கலாம் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. ஆய்வு மானியங்களுக்கு 20 பக்கக் குறிப்பு எழுதும் நிர்வாகம், இதற்கு ஒரு பக்கமாவது எளிய சொற்களில் எழுதி மாணவர்களின் கைக்குச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முடக்கம் முடிந்ததும் எல்லாம் அன்றே சரியாகிவிடுவதில்லை. கூட்டாட்சி ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் தர வேண்டும் என்று 2019-இல் சட்டம் வந்தது. பல்கலைக்கழகத்தில் மானியப் பணத்தில் வேலை செய்து இடையில் வேலை இழந்தவருக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. விண்ணப்பங்களை மதிப்பிட நடக்கவிருந்த நிபுணர் கூட்டங்கள் ரத்தானால் அவற்றுக்குப் புதிய தேதி கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆகும். தேங்கிய அனுமதிக் கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். அதனால் முடக்கத்தால் ஏற்பட்ட கூடுதல் செலவுகளைத் தனியே குறித்துவைக்கும்படியும், நின்ற வேலைகளின் தேதிகளை எழுதிவைக்கும்படியும் ஆய்வாளர்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவைக்கிறார்கள்.

2025 நவம்பர் 12 அன்று கையொப்பமான சட்டம், வேளாண்மைத் துறை உள்ளிட்ட சிலவற்றுக்கு மட்டும் அடுத்த செப்டம்பர் வரை முழு ஆண்டு ஒதுக்கீட்டைத் தந்தது. மற்றத் துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரையே பணம் நீட்டிக்கப்பட்டது. பல்கலைக்கழக அலுவலகங்களில் அந்த அட்டவணையை யாரும் மூடிவைக்கவில்லை. வேளாண்மை வரிசைகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றின் எதிரே புதிய தேதியை எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.